ஆட்டின் சிறுமூளை மைக்ராஸ்கோப்பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆட்டின் சிறுமூளையைச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் காட்டுவது என் வேலை. ஆண்டுதோறும் பிள்ளைகள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. புத்தகப் படத்தில் இருப்பது முழுச் செல். ஸ்லைடில் இருப்பது அதன் ஒரு சீவல், அதுவும் சாயம் எதைக் காட்ட ஒப்புக்கொண்டதோ அது மட்டும்.

சார், இவ்வளவு பெரிய மூளையை விட்டுவிட்டு ஏன் சிறுமூளையை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்?

வழி தவறாத இடம் என்பதால். பெருமூளைப் புறணியில், அதாவது அதன் மேற்படலத்தில், ஆறு அடுக்குகள், இடத்துக்கு இடம் அவற்றின் பருமன் மாறும், எல்லைகளும் தெளிவாக இருக்காது. சிறுமூளைப் புறணியில் எங்கே வெட்டினாலும் அதே மூன்று அடுக்குகள், ஏறத்தாழ அதே செல் வகைகள். முதல்முறை மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பவருக்கு இதைவிட ஒழுங்கான திசு மூளையில் கிடைப்பது அரிது.

அளவில் சிறியது என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. மூளையின் எடையில் அதன் பங்கோ பத்தில் ஒன்றுதான்.

ஆட்டு மூளையைப் பார்த்து மனித மூளையைப் படிக்க முடியுமா?

செல்களின் வகை, அவை அடுக்கப்பட்ட விதம், ஒன்றோடொன்று இணையும் முறை ஆகியவற்றைப் பொறுத்தவரை முடியும். எலி, ஆடு, மனிதன் எல்லாவற்றிலும் சிறுமூளையின் அடிப்படை அமைப்பு ஒன்றே. மடிப்புகளின் எண்ணிக்கையும் செல்களின் எண்ணிக்கையும்தான் வேறுபடும்.

அப்படியானால் முதுமலை யானைக்கு?

எண்ணிப் பார்க்கப்பட்டது ஆப்பிரிக்க யானையின் மூளை. நம் காட்டில் இருப்பது ஆசிய யானை, ஆகவே எண்ணை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆப்பிரிக்க யானையின் மூளையில் சுமார் 25,700 கோடி நரம்பு செல்கள். நம்முடையதைப் போல் மூன்று மடங்கு! ஆனால் அவற்றில் 97.5 சதவீதம் சிறுமூளையில்தான். பெருமூளைப் புறணிக்கு மிஞ்சுவது 560 கோடி. மனிதனுக்கு அங்கே சுமார் 1,600 கோடி.

கறிக்கடையில் வாங்கும் மூளை போதுமா?

போதும். ஆனால் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். வழக்கம்போல் தலையைக் கட்டையில் வைத்துப் போட்டால் பின்பக்கம் இருக்கும் சிறுமூளைதான் முதலில் நசுங்கும். நடுக்கோட்டில் நேராகப் பிளந்து தருபவர் அமைந்தால் அது கொடுப்பினை. வெட்டுமுகத்தில் வெள்ளைப் பகுதி கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரியும். வெள்ளாடா, செம்மறியா என்பது பொருட்டில்லை. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கும் நீலகிரிச் செம்மறிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களும் உண்டு. கம்பளிக்குத்தான் அந்த இனத்தின் பெருமை, நம் ஸ்லைடில் அதற்குத் தனி அடையாளம் எதுவும் இல்லை.

பொருட்டான விஷயம் நேரம். அறுத்த ஒரு மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் நிலைப்படுத்தும் ஃபார்மலினில் சேர்ந்துவிட வேண்டும். மலைக்குளிர் சிதைவைச் சற்றுத் தள்ளிப்போடும் என்பது நமக்கு அனுகூலம், ஆனால் அதை நம்பி டீ குடிக்கப் போய்விடாதீர்கள். ஃபார்மலின் திசுக்குள் இறங்கும் வேகம் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான், போகப்போக அதுவும் குறையும். சிறுமூளையை முதல் நாள் பாதியாகவும், மறுநாள் சற்று இறுகிய பின் 5 மில்லிமீட்டர் துண்டுகளாகவும் வெட்டி, திசுவின் கொள்ளளவைவிடக் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலினில் வையுங்கள். ஒரு பங்கு அடர் ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்பது கணக்கு.

ஃபார்மலின் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

இது மலை வாசிகளுக்கே உரிய கேள்வி. அடர் ஃபார்மலினில் ஏறத்தாழ 37 சதவீதம் ஃபார்மால்டிஹைடு. குளிர்ந்தால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாராஃபார்மால்டிஹைடாக அடியில் படியும். இதைத் தடுக்கத்தான் மெத்தனால் சேர்க்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் உதகை அறைகளில் மெத்தனாலும் சில நேரம் கைவிட்டுவிடுகிறது.

மேலே தெளிந்திருப்பதை மட்டும் ஊற்றிப் பயன்படுத்தினால் அதன் வலிமை குறைந்திருக்கும், திசு சரியாக நிலைப்படாது. புதிய பாட்டில் வாங்குங்கள், ஜன்னலோரம் வைக்காதீர்கள். அடுப்பில் வைத்துக் கரைக்கவே கூடாது. அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் ஒரு கை பார்த்துவிடும்.

ஸ்லைடில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பட்டைகள்தான் தெரிகின்றன. எது எது?

ஊதா தரும் ஹெமடாக்சிலினும் இளஞ்சிவப்பு தரும் ஈயோசினும் போட்ட ஸ்லைடு அது. முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். மடிப்பின் வெளி விளிம்பை ஒட்டி வெளிறிய இளஞ்சிவப்பாக, ஆங்காங்கே சில புள்ளிகளுடன் இருப்பது மூலக்கூறு அடுக்கு. அதற்கு உள்ளே, கரு ஊதாப் புள்ளிகள் நெருக்கியடித்துக் கிடப்பது கிரானுல் அடுக்கு. இரண்டுக்கும் எல்லையில், ஒரே வரிசையாக, இடைவெளி விட்டு நிற்கும் பெரிய செல்கள்தான் பர்கின்ஜி செல்கள். 1837இல் செக் அறிஞர் யான் பர்கின்ஜி அவற்றை விவரித்தார். எல்லாவற்றுக்கும் நடுவே இளஞ்சிவப்பாக ஓடுவது வெண்பொருள், அதாவது இழைகளின் கற்றை.

கிரானுல் அடுக்கைப் பார்த்தால் வெள்ளணுக் கூட்டம் போல இருக்கிறது. நடுநடுவே ஓட்டை வேறு. ஸ்லைடு கிழிந்துவிட்டதா?

வெள்ளணு என்று தோன்றுவது இயல்பு. கிரானுல் செல்லின் உடல் 5 முதல் 8 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதிலும் பெரும்பகுதி உட்கருவே. சைட்டோபிளாசம் ஒரு மெல்லிய விளிம்பாக மட்டும் இருப்பதால் வெறும் உட்கருக்களைக் கொட்டிவைத்தது போலத் தெரியும்.

அந்த 'ஓட்டை'களை மீண்டும் உற்றுப் பாருங்கள். உண்மையான கிழிசல் வெறும் வெளிச்சமாக இருக்கும். இவை இளஞ்சிவப்பாக, மங்கலாக, உட்கரு இல்லாத சிறு தீவுகளாக இருக்கும். இவற்றுக்குக் குளோமெருலஸ் என்று பெயர். சிறுநீரகத்தில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வெளியிலிருந்து செய்தி கொண்டுவரும் பாசி இழை ஒன்று இங்கே புடைத்து நிற்கும், அதைச் சுற்றிப் பல கிரானுல் செல்களின் டெண்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை) நுனிகள் நகம் போல் பற்றியிருக்கும். இதே அடுக்கில் இருக்கும் கோல்கை செல் என்ற தடுப்பு செல்லின் ஆக்ஸானும் (செய்தி அனுப்பும் இழை) இங்கேதான் வந்து சேர்ந்து, போகும் செய்தியைக் கட்டுப்படுத்துகிறது. நான் ஸ்லைடு காட்டும்போது அதிக நேரம் நிற்பது இந்தத் தீவுகளில்தான். பாடத்தில் இவற்றுக்கு ஒற்றை வரி ஒதுக்குவது அநியாயம்.

புத்தகத்தில் பர்கின்ஜி செல் மரமாகக் கிளை விரித்து நிற்கிறது. எங்கள் ஸ்லைடில் ஒரு குடுவை மட்டும்தான் இருக்கிறது. கிளைகள் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. அந்த வெளிறிய மூலக்கூறு அடுக்கு முழுவதும் அவைதான் பின்னிக் கிடக்கின்றன. ஹெமடாக்சிலின் முக்கியமாக உட்கருவையும், செல்லின் உடலில் புரதம் தயாரிக்கும் நிசில் துகள்களையும் பிடிக்கும். மெல்லிய கிளைகளில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஈயோசின் எல்லாவற்றையும் ஒரே இளஞ்சிவப்பாக்கிவிடுவதால் யார் கிளை எது என்று பிரித்தறிய முடியாது.

இன்னொரு காரணம் பருமன். நாம் சீவுவது 5, 6 மைக்ரான். பர்கின்ஜி செல்லின் கிளைப் பரப்போ சில நூறு மைக்ரான் அகலம். சீவலின் தளத்துக்குள் அடங்கிய முதல் தண்டு மட்டும் சில செல்களில் தெரியும். அது தெரிந்தாலே நல்ல ஸ்லைடு என்று எடுத்துவையுங்கள்.

அப்படியானால் புத்தகப் படத்தை எப்படி வரைந்தார்கள்?

வேறு சாயம், வேறு பருமன். 1873இல் இத்தாலியின் கமில்லோ கோல்கை, திசுவை முதலில் பொட்டாசியம் டைக்ரோமேட்டிலும் பிறகு சில்வர் நைட்ரேட்டிலும் ஊறவைக்கும் முறையை வெளியிட்டார். உள்ளே வெள்ளிக் குரோமேட் படிந்து ஒரு செல்லை அடியிலிருந்து நுனிவரை கறுப்பாக்கிவிடும். நூற்றில் ஒரு சில செல்கள்தான் இப்படிக் கறுக்கும், மற்றவை கண்ணுக்கே தெரியாது. எல்லாம் கறுத்திருந்தால் ஒன்றையும் பார்த்திருக்க முடியாது. எந்தச் செல் கறுக்கும், எது கறுக்காது என்பதை இன்றும் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

1887இல் மாட்ரிட்டில் இந்த ஸ்லைடைப் பார்த்து அசந்துபோன ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், மறு ஆண்டே பறவைகளின் சிறுமூளையைப் பற்றி எழுதினார். பர்கின்ஜி செல்லின் கிளைகளில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பவை சாயக் கறை அல்ல, செல்லின் உறுப்பே என்றார். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்த வலை அல்ல, தனித்தனி என்றும் வாதிட்டார். கோல்கை வலைக் கட்சி. 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மேடையிலேயே கோல்கை தனி செல் கொள்கையை எதிர்த்துப் பேசினார்.

அதை நாங்களே செய்து பார்க்கலாமா, சார்?

பொறுமை இருந்தால் செய்யலாம், ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் பட்ட விரல் பல நாள் கறுத்திருக்கும், அது போகட்டும். டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குன்னூர் ஓடையில் சேர்ந்தது பவானிக்குத்தான் போகும், கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தனி ஜாடியில் சேர்த்துவைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இல்லையென்றால் இந்த முறையைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

கல்லூரியில் இரண்டு பழைய கோல்கை ஸ்லைடுகள் இருக்கின்றன. ஒன்றில் பர்கின்ஜி செல் அகலமாக விரிந்திருக்கிறது, மற்றதில் ஒல்லிக் குச்சியாக இருக்கிறது. இரண்டும் வேறு வகையா?

ஒரே வகைதான். பனையோலை விசிறியை முகத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டம், பக்கவாட்டில் திருப்பினால் ஒரு கோடு. பர்கின்ஜி செல்லின் கிளைகள் அப்படித்தான் ஒரே தளத்தில் தட்டையாக விரிகின்றன. அந்தத் தளம் மடிப்பின் நீளவாக்குக்குச் செங்குத்தாக இருக்கும். நடுக்கோட்டுக்கு இணையாக முன்னும் பின்னுமாகச் சீவினால் முழு அகலமும் தெரியும். காதிலிருந்து காதுக்குப் போகும் திசையில் சீவினால் ஒல்லியாகத் தெரியும்.

இந்தத் தட்டை வடிவத்துக்கு ஒரு பயன் இருக்கிறது. கிரானுல் செல்லின் ஆக்ஸான் மூலக்கூறு அடுக்குக்கு ஏறி, அங்கே இரண்டாகப் பிரிந்து, மடிப்பின் நீளவாக்கில் சில மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது. இதுதான் இணை இழை. வரிசையாக நிற்கும் பர்கின்ஜி செல்களின் கிளைகளை அது செங்குத்தாக ஊடுருவிச் செல்கிறது. ஒரு பர்கின்ஜி செல்லுக்கு இப்படி லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் கிடைக்கின்றன. ஆனால் வெளியிலிருந்து வரும் இன்னொரு வகை இழையான ஏறு இழை, வளர்ந்த விலங்கில் ஒன்றே ஒன்றுதான் வந்து சேரும். அந்த ஒன்று கிளைகளைச் சுற்றிப் படர்ந்து நூற்றுக்கணக்கான இடங்களில் தொடும்.

சில பர்கின்ஜி செல்களுக்கு உட்கருவே இல்லை. இறந்த செல்களா?

இல்லை. முப்பது மைக்ரான் அளவுள்ள செல்லை ஆறு மைக்ரானாகச் சீவினால் எல்லாச் சீவலிலும் உட்கரு அகப்படாது. வெளிறிய பெரிய உட்கருவும் அதற்குள் கரும்புள்ளியாக நியூக்ளியோலஸும் தெரியும் செல்லைத் தேடி, அதை வரையுங்கள்.

என் ஸ்லைடில் அவை கறுத்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டிருக்கின்றன. ஆட்டுக்கு நோயா?

பெரும்பாலும் கையின் நோய். நிலைப்படாத பச்சை மூளையை விரலால் அழுத்தினாலும், மொண்ணைக் கத்தியால் இழுத்தாலும் நரம்பு செல்கள் இப்படிக் கறுத்துச் சுருங்கும். முதல் நாளே துண்டு போட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். இரத்த ஓட்டம் தடைப்பட்டு இறக்கும் பர்கின்ஜி செல் கருநீலமாக இருக்காது. செக்கச் செவேலென்று ஈயோசினைப் பிடித்திருக்கும், உட்கருவும் சுருங்கியிருக்கும். அந்த மாற்றம் வெளிப்படுவதற்குப் பல மணி நேரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும். கடையில் அறுத்த ஆட்டில் அதற்கு வாய்ப்பில்லை.

பர்கின்ஜி செல்லை ஒட்டி இருக்கும் சிறிய உட்கருக்கள் எதனுடையவை?

பெரும்பாலும் பெர்க்மன் கிளியா செல்களுடையவை. இவை நரம்பு செல்கள் அல்ல, தாங்கு செல்கள். இவற்றின் இழைகள் மூளையின் மேற்பரப்பு வரை நேராக ஏறுகின்றன. வளரும் பருவத்தில் கிரானுல் செல்கள் மேற்பரப்பில் பிறந்து, இந்த இழைகளைப் பிடித்தபடி உள்ளே இறங்கித் தம் அடுக்கைச் சேர்கின்றன.

கூடை செல்லைத் தேடித் தேடிக் கண் வலிக்கிறது. எந்த மூலையில் இருக்கிறது?

கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். இந்தச் சாயத்தில் கூடை தெரியாது, காரணம் கிளைகள் தெரியாததற்குச் சொன்ன அதே காரணம். மூலக்கூறு அடுக்கின் அடிப்பகுதியில், பர்கின்ஜி வரிசைக்குச் சற்று மேலே இருக்கும் சிறு உட்கருக்களைக் கூடை செல் என்றும், மேல் பகுதியில் இருப்பவற்றை நட்சத்திர செல் என்றும் குறிக்கலாம். இடத்தை வைத்துச் சொல்வதுதான், முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை.

கூடையைக் காண பீல்ஷோவ்ஸ்கியின் வெள்ளிச் சாயம் வேண்டும். அதில் பர்கின்ஜி செல்லின் உடலைச் சுற்றிக் கூடை செல்களின் மெல்லிய கறுப்பு இழைகள் பின்னியிருப்பது தெரியும். சில நோய்களில் பர்கின்ஜி செல் அழிந்துபோய், சுற்றியிருந்த பின்னல் மட்டும் மிஞ்சும். காலிக் கூடைகளை எண்ணியே எத்தனை செல்கள் போயின என்று நோயியல் மருத்துவர்கள் மதிப்பிடுவார்கள்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும் பர்கின்ஜி செல்லுக்கும் தொடர்பு உண்டு என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?

தாத்தா சொல்வது சரி. வெறிநாய்க்கடியால் வரும் வெறிநோய்தான் அந்தத் தொடர்பு. 1903இல், கோல்கையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த அதெல்கி நெக்ரி, வெறிநோயில் இறந்த விலங்குகளின் நரம்பு செல்களுக்குள் ஈயோசினில் சிவக்கும் உருண்டைகளைக் கண்டார். அவை ஒட்டுண்ணிகள் என்று அவர் நினைத்தார். உண்மையில் அவை வைரஸ் பெருகும் இடங்கள். நாயில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பிரமிடு செல்களிலும், மாடு போன்ற தாவர உண்ணிகளில் பர்கின்ஜி செல்களிலும் நெக்ரி உருண்டைகளைத் தேடுவது வழக்கம். வெறிநோய் வந்த எல்லா மூளையிலும் அவை தென்படுவதில்லை என்பதால், இப்போது ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனைதான் நிர்ணயமானது.

1907இல் தொடங்கிய குன்னூர் நிறுவனம் பல பத்தாண்டுகள் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தை ஆட்டு மூளையில்தான் தயாரித்தது. தாத்தா தலைமுறைக்குத் தெரிந்த வயிற்று ஊசி அதுதான். மூளைத் திசுவோடு மயலினும் (நரம்பு இழைகளின் கொழுப்புறை) உடலுக்குள் போனதால் சிலருக்கு நரம்பு மண்டலமே பாதிக்கப்பட்டது. இந்தியாவில் 2004 முடிவோடு அந்த வகை மருந்தை நிறுத்தினார்கள். இப்போது செல் வளர்ப்பில் தயாராகும் மருந்து, கையில் போடும் சில ஊசிகளோடு முடிகிறது.

இதைக் கேட்ட பிறகு ஆட்டு மூளையைத் தொடவே பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம், கையுறை வேண்டும். பரிசோதித்து அறுத்த ஆரோக்கியமான ஆட்டின் மூளையை மட்டும் எடுங்கள். தானாகச் செத்தது, நாய் கடித்தது, காட்டோரம் கிடந்தது எதையும் தொடக் கூடாது. மூளை வறுவல் சாப்பிடலாமா என்பது அடுத்த கேள்வியாக வரும். ஃபார்மலினில் போடாத பாதியை, நன்றாக வேகவைத்து.

பர்கின்ஜி செல் தடுக்கும் வேலையை மட்டும்தான் செய்கிறதாம். புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே வழியும் அதுதானாம். எல்லாவற்றையும் தடுத்தால் உடம்பு எப்படி அசையும்?

நல்ல கேள்வி. அதன் ஆக்ஸான் பெரும்பாலும் சிறுமூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்பு செல் கூட்டங்களுக்குப் போகிறது. அங்கே இருக்கும் செல்கள் தாமாகவே துடித்துக்கொண்டிருப்பவை, பாசி இழைகளும் ஏறு இழைகளும் போகிற போக்கில் அவற்றையும் தூண்டிவிடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் துடிப்பை எந்த நொடியில், எவ்வளவு குறைப்பது என்பதுதான் பர்கின்ஜி செல்லின் வேலை. தடையைச் சற்றுத் தளர்த்தினாலே செய்தி வெளியேறிவிடும். இது தடுக்கும் செல் என்பதை 1960களில் ஜப்பானின் மசாவோ இட்டோ காட்டினார். நீண்டகாலக் குடியில் சிறுமூளையின் நடுப்பகுதியின் முன்பக்கத்துப் பர்கின்ஜி செல்கள் அழிகின்றன. குடிக்காத நாளிலும் கால் அகட்டித் தள்ளாடி நடப்பது அதனால்தான்.

பழைய புத்தகத்தில் ஐந்து வகை நரம்பு செல். புதியதில் அதற்கு மேல். எதை நம்புவது?

பர்கின்ஜி, கிரானுல், கூடை, நட்சத்திரம், கோல்கை என்ற ஐந்தும் அப்படியே இருக்கின்றன. எர்னெஸ்டோ லுகாரோ 1894இல் விவரித்த, நடு பருத்து இரு முனையும் ஒடுங்கிய செல் நீண்ட காலம் ஓரமாகக் கிடந்து, பிறகு பட்டியலில் ஏறியது. ஒற்றைத் தூரிகை செல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்ந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டை டெண்ட்ரைட், நுனியில் தூரிகை. உடல் சமநிலையைக் கவனிக்கும் பகுதிகளின் கிரானுல் அடுக்கில்தான் அது அதிகம். வேறு மடிப்பில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லாதீர்கள்.

கூடையும் நட்சத்திரமும் ஒன்றேதான் என்று இப்போது சொல்கிறார்களாமே?

பாதி சரி. 2021இல் எலியின் சிறுமூளையிலிருந்து சுமார் 7.8 லட்சம் உட்கருக்களை எடுத்து, எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். மூலக்கூறு அடுக்கின் செல்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன, ஆனால் கூடை, நட்சத்திரம் என்ற கோட்டில் பிரியவில்லை. இரண்டு வகைகளும் அடுக்கு முழுவதும் பரவியிருந்தன. ஒரு வகைக்குள் கூடையிலிருந்து நட்சத்திரம் வரை வடிவம் படிப்படியாக மாறிக்கொண்டே போனது, நடுவில் வேலி இல்லை. மற்ற வகையின் செல்கள் வடிவத்தில் நட்சத்திரத்தையே ஒத்திருந்தன.

ஆகவே மேலே அடி, மேல் என்று இடத்தை வைத்துப் பெயர் சொன்னேனே, அது கை காட்டுவதற்கு உதவும் வசதி மட்டும்தான். நடுவில் இருக்கும் உட்கருவுக்கு என்ன பெயர் என்று என்னிடம் வழக்கு தீர்க்க வர வேண்டாம். இப்போதைய பாடத்திட்டத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன, தேர்வில் இரண்டையும் எழுதுங்கள்.